1-2-3-4ன்னு வாசிச்சா அதுவே குரோமாடிக் ஸ்கேலா?

பிப்ரவரி 9, கேள்வி

கிட்டார் புதுசா கத்துக்கறேன். முதல் வகுப்புலயே 5, 6, 7, 8ன்னு நாலு ஃபிரெட்டை (கழுத்துல குறுக்கே பதிச்சிருக்கிற உலோகப் பட்டைகள்) நாலு விரலால ஆறு கம்பியிலயும் வரிசையா வாசிக்கச் சொன்னாங்க. இதுதான் குரோமாடிக் ஸ்கேல்னு சொல்லிக்கொடுத்தாங்க. எங்க அக்கா கீபோர்டு வாசிப்பா. நேத்து கேட்டுட்டு, "நடுநடுவுல நோட்டை முழுங்கறியே"ன்னு சொல்றா. நான் ஒரு ஃபிரெட் கூட விடாமதான் வாசிக்கறேன். யார் சொல்றது சரி? முழுசா வாசிக்கணும்னா எப்படி?

பிப்ரவரி 9, இரவு

அக்கா சொல்றதுதான் சரி. குரோமாடிக் ஸ்கேல்னா பன்னிரண்டு நோட்டையும் ஒண்ணுகூட விடாம அரைச்சுரம் அரைச்சுரமா ஏறறது. ஒரு கம்பியில ஒரு ஃபிரெட் தள்ளினா ஒரு அரைச்சுரம். நீங்க ஃபிரெட்டை விடலை, ஆனா நோட்டை விடறீங்க.

6வது கம்பியில, அதாவது தடிச்ச ஈ கம்பியில, 5, 6, 7, 8 வாசிச்சா ஏ, ஏ ஷார்ப், பி, சி வரும். அடுத்து வரவேண்டியது சி ஷார்ப். ஆனா நீங்க 5வது கம்பிக்குப் போய் 5வது ஃபிரெட்டை அழுத்தறீங்க, அது டி. விட்டுப்போன சி ஷார்ப் 6வது கம்பியோட 9வது ஃபிரெட்ல, உங்க சுண்டு விரலுக்கு அந்தப் பக்கம் இருக்கு.

எல்லாம் ட்யூனிங் பண்ற வேலை. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் அஞ்சு அரைச்சுரம் இடைவெளி. விரல் நாலுதான். அதனால ஒவ்வொரு கம்பி மாறும்போதும் ஒரு நோட் பாக்கி நிக்கும். நீங்க வாசிக்கிற வரிசையில சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஜி ஷார்ப்னு நாலு நோட் விடுபடுது. அஞ்சு தடவை கம்பி மாறியும் ஏன் நாலுதான்னா, 3வது கம்பியான ஜிக்கும் 2வது கம்பியான பிக்கும் நடுவுல மட்டும் இடைவெளி நாலு அரைச்சுரம். அங்கே டி ஷார்ப் முடிஞ்சதும் ஈ சரியா வந்துடும். அக்காவை உட்கார வெச்சு திரும்ப வாசிச்சுப் பாருங்க. அந்த ஒரு இடத்துல மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

பிப்ரவரி 10

எப்படி வாசிக்கிறதுன்னு நேத்து சொல்லலை, இதோ.

திறந்த கம்பியிலேர்ந்து, அதாவது எந்த ஃபிரெட்டையும் அழுத்தாம, ஆரம்பிங்க. திறந்த கம்பி ஒரு நோட், விரலுக்கு ஒண்ணா நாலு நோட், ஆக அஞ்சு. பாக்கி எதுவும் நிக்காது. 6வது கம்பியைத் திறந்து வாசிச்சா ஈ, அப்புறம் 1, 2, 3, 4வது ஃபிரெட்கள்ல எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப். உடனே 5வது கம்பியைத் திறந்தா ஏ. ஆள்காட்டி விரல் எப்பவும் 1வது ஃபிரெட், சுண்டு விரல் எப்பவும் 4வது ஃபிரெட். கை இடம் மாறவே வேண்டாம்.

ஜி கம்பியில மட்டும் 3வது ஃபிரெட்டோட நிறுத்திடுங்க. 4வது ஃபிரெட்ல வர்ற பியும் அடுத்த திறந்த கம்பியோட பியும் ஒரே நோட். ரெண்டையும் வாசிச்சா திக்கற மாதிரி கேட்கும். மத்த கம்பிகள்ல அஞ்சு அஞ்சு, ஜியில நாலு, மொத்தம் 29 நோட். 1வது கம்பியோட 4வது ஃபிரெட்ல ஜி ஷார்ப்ல போய் முடியும்.

வாசிக்கும்போது நோட் பேரை வாய்விட்டுச் சொல்லுங்க. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். விரல் தானா ஓடறதுக்கு முந்தியே பேர் மனசுல பதியணும். விரல் பழகிட்டா அப்புறம் பேரை உள்ளே நுழைக்கிறது கஷ்டம்.

பிப்ரவரி 10, மாலை

"அப்போ 5-6-7-8 பயிற்சியே வீணா?"ன்னு கீழே ஒருத்தர் கேட்டிருக்கார். வீண் இல்லை. விரலைப் பிரிச்சு இயக்கறதுக்கு அதைவிட எளிய பயிற்சி கிடையாது. தொடர்ந்து பண்ணுங்க. ஸ்கேலை மட்டும் அதுல தேடாதீங்க.

பிப்ரவரி 12

திறந்த கம்பி பழகியாச்சுன்னா, இப்போ மேலே 5வது ஃபிரெட் பக்கம். அங்கே திறந்த கம்பியோட உதவி இல்லை. நாலு விரலால அஞ்சு நோட் எடுக்கணும். ரெண்டு வழி உண்டு.

ஒண்ணு, சுண்டு விரலை ஒரு ஃபிரெட் மேலே சறுக்கறது. 5, 6, 7, 8 வாசிச்சு அதே சுண்டு விரலை 9க்குத் தள்ளி, அப்புறம் அடுத்த கம்பியோட 5க்குத் திரும்பணும். ஜி கம்பியில சறுக்கல் வேண்டாம். நிறைய பேர் இப்படித்தான் கத்துக்கறாங்க. எனக்கு இது ஒட்டவே இல்லை. அஞ்சாவது நோட் எப்பவும் வழுக்கிக்கிட்டு வரும், மத்த நாலு நோட்டும் தட்டி வரும். கேட்கறவங்களுக்கு விட்டுவிட்டு இடறும்.

ரெண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு கம்பிக்கும் கையை ஒரு ஃபிரெட் பின்னால, தலைப்பக்கமா இழுத்துக்கறது:

6வது கம்பி: 5 6 7 8
5வது கம்பி: 4 5 6 7
4வது கம்பி: 3 4 5 6
3வது கம்பி: 2 3 4 5
2வது கம்பி: 2 3 4 5
1வது கம்பி: 1 2 3 4

3லேர்ந்து 2க்குப் போகும்போது கை நகரலை பாருங்க. ஜிக்கும் பிக்கும் நடுவுல இருக்கிற அந்தக் குறைஞ்ச இடைவெளிதான் காரணம்.

இப்போ எண்ணுங்க. ஆறு கம்பி, கம்பிக்கு நாலு, மொத்தம் 24. ஒரு நோட்லேர்ந்து அதே பேர் உள்ள அடுத்த நோட் வரைக்கும் ஒரு ஆக்டேவ். ஆக்டேவுக்கு 12ன்னா மிச்சம் மீதி இல்லாம ரெண்டு ஆக்டேவ். ஏல ஆரம்பிச்சு ஜி ஷார்ப்ல முடியுது. இன்னும் ஒரே ஒரு ஃபிரெட், 1வது கம்பியோட 5, அங்கே ஏ உட்கார்ந்திருக்கு. ஆரம்பிச்ச அதே 5வது ஃபிரெட்! இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு கிட்டாரைக் கீழே வெக்கவே மனசு வரலை எனக்கு.

பிப்ரவரி 13

நேத்து எழுதினதோட ஒரு சேர்க்கை. கை பின்னால வரும்போது கட்டை விரலும் கூடவே வரணும். விரல் மட்டும் நீண்டு போய், கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால பழைய இடத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கறது சகஜம். 3வது கம்பி வரும்போது மணிக்கட்டு முறுக்கிக்கிட்டு வலிக்கும். வலிச்சா முதல்ல கட்டை விரல் எங்கே இருக்குன்னு பாருங்க.

இன்னொண்ணு. அந்த வரிசையில ஒவ்வொரு கம்பியோட முதல் நோட்டை மட்டும் எடுங்க: ஏ, சி ஷார்ப், எஃப், மறுபடி ஏ, சி ஷார்ப், எஃப். அது ஆக்மென்டட் கார்ட் (கார்ட்னா சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்). 12ஐ நாலு நாலாப் பிரிச்சா மூணு நோட் சம தூரத்துல நிக்கும், அதான் விஷயம். அதே 24 நோட்டை மெட்ரோனோம் (தாளம் தட்டற கருவி) வெச்சு மூணு மூணாப் பிரிச்சு, முதல் நோட்டுக்கு அழுத்தம் குடுத்துப் பாருங்க. அழுத்தம் ஏ, சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப்ல விழும். அது டிமினிஷ்ட் செவன்த்ங்கற கார்ட். விரல் வேலை மாறலை, ஒரு நோட் மாறலை. அழுத்தம் மாறினதும் வேற ஒரு கார்ட் உள்ளேர்ந்து எழுந்து வருது. மூணு மூணா வாசிக்கும்போது அழுத்தம் ஒவ்வொரு தடவையும் வேற விரல்ல விழறதால, சுண்டு விரலுக்கும் முறை வரும். அது தப்பிக்கவே முடியாது.

பிப்ரவரி 15

"என் விரல் குட்டை, 1லேர்ந்து 4 வரைக்கும் எட்டலை"ன்னு எழுதின தோழிக்கு.

விரல் மேல பழி போடாதீங்க. ஃபிரெட் இடைவெளி எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்லை. 650 மி.மீ. கம்பி நீளம் உள்ள கிட்டார்ல 1வது ஃபிரெட்டுக்கும் 4வது ஃபிரெட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 97.6 மி.மீ. இருக்கும். 9க்கும் 12க்கும் நடுவுல 61.5 மி.மீ.தான். கழுத்திலேயே ஃபிரெட் இடைவெளி அதிகமான இடத்துல நாமெல்லாம் ஆரம்பிக்கறோம், அப்புறம் எட்டலைன்னு வருத்தப்படறோம்.

நீங்க 12ம் தேதி வரிசையை 9லேர்ந்து தொடங்குங்க: 9-12, 8-11, 7-10, 6-9, மறுபடி 6-9, அப்புறம் 5-8. சி ஷார்ப்ல ஆரம்பிக்கும், மத்தபடி எல்லாம் அதேதான். அங்கே பழகிட்டு வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டா கீழே இறங்கி வாங்க. திறந்த கம்பியில ஆரம்பிங்கன்னு 10ம் தேதி எல்லாருக்கும் பொதுவா எழுதிட்டேன். எட்டாதவங்களுக்கு இந்த வழிதான் முதல்ல, அது அப்புறம்.

பிப்ரவரி 15, இரவு

இடைவெளி ஏன் குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னு அதே தோழி கேட்டிருக்காங்க. விஷயம் கொஞ்சம் விலகிப் போகும், ஆனா எனக்கு இது பிடிச்ச இடம்.

ஒவ்வொரு அரைச்சுரமும் அதிர்வெண்ணை ஒரே விகிதத்துல ஏத்துது. பன்னிரண்டு தடவை ஏறினா சரியா ரெண்டு மடங்கு ஆகணும். அந்த விகிதம் 1.05946. திறந்த ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ், 12வது ஃபிரெட்ல 220. கம்பி நீளம் அதே விகிதத்துல குறையணும்னா, மிச்சம் இருக்கிற நீளத்தை 17.817 ஆல வகுத்து அடுத்த ஃபிரெட்டை வெக்கணும். மிச்சம் குறையக் குறைய இடைவெளியும் குறையுது.

ஒரு காலத்துல 17.817க்கு பதிலா 18ஐ வெச்சுத்தான் கணக்குப் போட்டாங்க. விஞ்ஞானி கலிலியோவோட அப்பா வின்சென்சோ கலிலி, லூட்ங்கற பழைய கம்பி வாத்தியம் வாசிச்சவர், 1581ல வந்த தன்னோட நூல்ல 18க்கு 17ங்கற இந்த விகிதத்தைச் சொல்லியிருக்கார். 650 மி.மீ.ல அப்படி வெச்சா 12வது ஃபிரெட் 325ல விழாம 322.6ல விழும். ஆக்டேவ் 12 சென்ட் போலக் குறையும் (ஒரு அரைச்சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்). கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டு சுருதி கொஞ்சம் ஏறுமில்லையா, அது அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். கையால கணக்குப் போட்ட காலத்துக்கு அபாரமான விகிதம்.

பிப்ரவரி 18

கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவர் கேட்டது: பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் இதுவும் ஒண்ணா?

படிகள் பன்னிரண்டுங்கறது வரைக்கும் ஒண்ணு. அங்கே பன்னிரண்டு இடத்துக்கு 16 பேர், இங்கேயும் சி ஷார்ப்புன்னும் டி ஃப்ளாட்டுன்னும் ஒரே ஃபிரெட்டுக்கு ரெண்டு பேர். ஆனா பன்னிரண்டையும் வரிசையா ஏறி இறங்கற மேளகர்த்தா 72ல ஒண்ணுகூட இல்லை. கனகாங்கியில ஸ, ரி1, க1ன்னு மூணு இடம் ஒட்டி வரும், அதுக்கே எவ்வளவு கவனம் வேணும்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு வசதி, ஸ்தானங்கள் காதுல ஏற்கெனவே இருக்கு. ஃபிரெட் நம்பரை விட்டுட்டு பாடிக்கிட்டே வாசிங்க.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கார். ஏறும்போது சரியா வருது, இறங்கும்போது சிதறுதுன்னு சொல்றார். இதுக்குக் கொஞ்சம் நீளமா எழுதணும்.

ஏறும்போது விரலை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போறோம். ஆள்காட்டி விரல் அழுத்தினது அழுத்தினபடி இருக்கும்போதே நடு விரல் விழுது, அப்புறம் மோதிர விரல். தரையில ஏற்கெனவே கால் இருக்கு. இறங்கும்போது சுண்டு விரலை எடுத்தா மோதிர விரல் அங்கே தயாரா நிக்கணும். பெரும்பாலும் அது காத்துல இருக்கும். சுண்டு விரல் எழும்பின நொடியில திறந்த கம்பி "டங்"னு கத்தும். அதைத்தான் சிதறல்னு சொல்றீங்க.

மருந்து இது. இறங்கறதுக்கு ஒரு புதுக் கம்பிக்கு வரும்போது, நாலு விரலையும் ஒரே நேரத்துல அந்தக் கம்பி மேல வெச்சுடுங்க. அப்புறம் ஒண்ணொண்ணா எடுங்க. விரலை மேலே தூக்காதீங்க, அழுத்தத்தை விட்டா போதும். மோதிர விரலையும் சுண்டு விரலையும் புறங்கையில தசைநாண்கள் ஒண்ணோட ஒண்ணு பிணைக்குது. ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணும் கூட எழும்பப் பார்க்கும். அது உங்க குறை இல்லை, எல்லார் கையும் அப்படித்தான். அதனால மெட்ரோனோமை 60ல வெச்சு ஒரு தட்டுக்கு ஒரே ஒரு நோட். வேகம் இப்போ வேண்டவே வேண்டாம்.

ஃபோன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. நான் அப்படிக் கேட்டப்போதான் நாலாவது நோட் எல்லாக் கம்பியிலயும் மெலிஞ்சு கேட்டது தெரிஞ்சது. பார்த்தா என் சுண்டு விரல் ஃபிரெட் கம்பியை ஒட்டி விழாம, ரெண்டு ஃபிரெட்டுக்கும் நட்ட நடுவுல விழுந்துக்கிட்டிருந்தது. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் பாதி சத்தம்தான். ஒரு நகக்கண் அளவு முன்னால தள்ளினதும் சரியாப் போச்சு, அழுத்தமும் பாதியாக் குறைஞ்சது.

பிப்ரவரி 22

பிக், அதாவது கம்பியைத் தட்டற சின்ன வில்லை, பத்தி கேட்டவருக்குச் சுருக்கமா. கம்பிக்கு நாலு நோட்னா, கீழ், மேல், கீழ், மேல். ஒவ்வொரு கம்பியும் கீழ்த் தட்டுல ஆரம்பிக்கும். திறந்த கம்பி முறையில கம்பிக்கு அஞ்சு, அதனால 6வது கம்பி கீழ்த் தட்டுல தொடங்கும், 5வது மேல், 4வது கீழ், 3வது மேல். ஜியில நாலுதான் என்கிறதால 2வது கம்பியும் மேல் தட்டுலயே தொடங்கும், கடைசிக் கம்பி கீழ்ல. இந்த 3லேர்ந்து 2க்குப் போற இடத்துலதான் வலது கை குழம்பும். அந்த ஒன்பது நோட்டை மட்டும் தனியா வெட்டி எடுத்து வாசிங்க.

பிப்ரவரி 25

"திறந்த கம்பி எல்லாம் ட்யூனர்ல சரியா இருக்கு, 1, 2வது ஃபிரெட் மட்டும் ஏறிக் கேட்குது, 12வது ஃபிரெட்டும் சரி"ன்னு ஒருத்தர். நீங்க ரொம்ப அழுத்தறீங்களான்னு முதல்ல பாருங்க. லேசா அழுத்தியும் ஏறினா, நட்டுல, அதாவது கழுத்தோட தலைப்பக்கம் கம்பியைத் தாங்கற பட்டையில, கம்பி உட்கார்ற வெட்டு போதுமான ஆழம் இல்லை. கம்பி உயரமா நிக்குது, 1வது ஃபிரெட்டைத் தொடறதுக்குள்ள நிறைய இழுபடுது. என் நைலான் கம்பி கிட்டார்ல இதே பிரச்சினை இருந்தது. குரோமாடிக் ஸ்கேலை மெதுவா வாசிச்சப்போதான் ஈக்கும் எஃபுக்கும் நடுவுல இருக்கிற தூரம் எஃபுக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவுல இருக்கிறதைவிடப் பெருசாக் கேட்டது. கார்ட் வாசிக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. நீங்களா அரத்தை எடுத்துத் தேய்க்காதீங்க. வெட்டு ஒரு இழை ஆழமாப் போயிட்டா திறந்த கம்பி இரைய ஆரம்பிச்சுடும். கிட்டார் சரிபண்றவங்ககிட்ட குடுங்க.

மார்ச் 2

"ஸ்கேல் வந்துடுச்சு. பாட்டுல எங்கே வரும் இது? யாரும் பன்னிரண்டு நோட்டையும் வரிசையா வாசிக்கறதில்லையே." நியாயமான கேள்வி. முழுசா அபூர்வமாத்தான் வரும். மூணு நோட், நாலு நோட் துண்டுகளா எங்கே பார்த்தாலும் வரும்.

டி மைனர் பிடிங்க, திறந்த 4வது கம்பியோட. 2வது கம்பியில 3வது ஃபிரெட்ல டி இருக்கு. மத்த விரலை அசைக்காம அந்த ஒரு நோட்டை மட்டும் 3, 2, 1, திறந்த கம்பின்னு இறக்குங்க: டி, சி ஷார்ப், சி, பி. ஒவ்வொண்ணையும் நாலு தட்டு வாசிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. மனசு கரையற அந்த இறக்கத்தை எங்கேயோ கேட்டிருப்பீங்க. 1வது ஃபிரெட் வரும்போது ஆள்காட்டி விரலைப் படுக்கவெச்சு 1வது, 2வது கம்பி ரெண்டையும் சேர்த்து அழுத்திக்கணும்.

பேஸ், அதாவது தாழ்ந்த சுருதிப் பக்கம்னா, ஏ மைனர்லேர்ந்து டி மைனருக்குப் போற இடம். 5வது கம்பியில திறந்த ஏ, 2ல பி, 3ல சி, 4ல சி ஷார்ப். நாலு தட்டுக்கு நாலு. அடுத்த தாளக்கட்டோட முதல் தட்டுல 4வது கம்பியைத் திறந்தா டி. அந்த சி ஷார்ப் ஏ மைனர்ல இல்லாத நோட், இருந்தாலும் உறுத்தாது. டியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்றது அதுதான். அதை எடுத்துட்டு சியையே ரெண்டு தட்டு வாசிச்சுப் பாருங்க, டி வரும், ஆனா வரப்போகுதுன்னு காதுக்குத் தெரியாது.

மார்ச் 3

மேலே சொன்ன பேஸ் வரியைத் திருப்பி, டியிலேர்ந்து ஏக்கு இறங்கறதுக்கு என்ன வாசிக்கலாம்னு கேட்டிருக்கீங்க. திறந்த 4வது கம்பியில டி, அப்புறம் 5வது கம்பியில 3ல சி, 2ல பி, 1ல பி ஃப்ளாட், திறந்தா ஏ. மேலேர்ந்து ஒரு அரைச்சுரத்துல இறங்கி உட்காரும். சுண்டு விரலுக்கு இதுல வேலையே இல்லை, அதனால வேகமாவே வாசிக்கலாம்.